பட்டன் கத்தியும் இரண்டு வாடிக்கையாளர்களும்

ஒரே சரக்கைக் கேட்டு இரண்டு பேர் கடைக்கு வருகிறார்கள். இருவரும் சொல்லும் பெயர் ஒன்றுதான். ஆனால் இருவர் மனதிலும் இருக்கும் பொருள் வேறு வேறு. ஒருவர் பழம்புளி கேட்பார், ஒருவர் புதுப்புளி கேட்பார். இருவரும் "நல்ல புளி கொடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். இதைப் பிரித்தறியாத வியாபாரி இரண்டு பேரையும் இழந்துவிடுவான். நாம் அன்றாடம் கல்லாவில் உட்கார்ந்து காணும் இந்த உண்மையை, நம் கடைகளில் இடமே இல்லாத ஒரு சரக்கைக் கொண்டு இந்த இதழில் பார்ப்போம். அந்தச் சரக்கு இத்தாலி நாட்டுப் பட்டன் கத்தி.

பொத்தானை அழுத்தியதும் 'சடக்' என்று அலகு வெளியே பாயும் கத்தியை நாம் சினிமாவில் பார்த்திருக்கிறோம். வில்லன் கையில் பார்த்ததால் அது ரவுடிகளின் சாமான் என்றே நினைத்துவிட்டோம். ஆனால் அதன் பின்னால் பல நூற்றாண்டுத் தொழிலும், உலகம் முழுவதும் பரவிய ஒரு வியாபாரமும் இருக்கின்றன.

கத்தி பிறந்த ஊர்

இத்தாலியின் வடகிழக்கில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மனியாகோ என்றொரு சிற்றூர். 1453-ம் ஆண்டு அந்த ஊர்ப் பிரபு கோல்வெரா என்ற ஓடையிலிருந்து ஒரு கால்வாய் வெட்டச் செய்தார். அந்தத் தண்ணீரின் வேகத்தில் மாவு ஆலைகளோடு கொல்லர்களின் சம்மட்டிகளும் இயங்கின. முதலில் விவசாயக் கருவிகள். பிறகு கத்தி, கத்தரிக்கோல் என்று தொழில் வளர்ந்தது. ஜெர்மனிக்குச் சோலிங்கன், இங்கிலாந்துக்கு ஷெஃபீல்டு என்பதுபோல இத்தாலிக்கு மனியாகோ. இன்று அங்கே இத்தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

அந்த ஊர்ப் பட்டன் கத்தியின் அமைப்பு எளிமையானது. மெலிந்து நீண்ட அலகு. பிடியின் இரு முனைகளிலும் உலோகப் பூண். நடுவில் எருமைக் கொம்பு, மான் கொம்பு அல்லது முத்துச்சிப்பி. பிடிக்குள் ஒரு பட்டை ஸ்பிரிங். அழுத்த ஒரு பொத்தான். தவறிப்போய்த் திறந்துவிடாமல் இருக்க அருகிலேயே நகர்த்தும் காப்பு. விரித்த நிலையில் 9 அங்குலம், 11 அங்குலம், 13 அங்குலம் என்று அளவு சொல்லி விற்பது வழக்கம்.

சேகரிப்பவர் கேட்பது

முதல் வகை வாடிக்கையாளர் சேகரிப்பவர். இவர் கத்தியால் ஒரு நூலைக்கூட அறுக்கப் போவதில்லை. இவருக்கு வேண்டியது வயதும் உண்மையும். பழைய கத்திகளில் அலகை மடக்க, முதுகுப்புறம் இருக்கும் சிறு நாக்கு ஒன்றைத் தூக்க வேண்டும். பின்னாளில் செய்யும் வேலையைக் குறைப்பதற்காக, மேல்பூணைச் சாய்த்தால் பூட்டு விடுபடும்படி மாற்றினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அந்த நாக்கைத்தான். அது இருந்தால் விலையே வேறு.

அடுத்து அலகின் அடியில் உள்ள முத்திரை. 'இத்தாலி' என்றும், துருப்பிடிக்காத எஃகு என்பதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அல்லது 'ரோஸ்ட்ஃப்ரை' என்றும் பொறித்திருக்கும். பிறகு, ஸ்பிரிங் மாற்றாததா, கொம்பு அந்தக் காலத்ததா, சாணை பிடிக்காத அலகா என்று கேட்பார். பளபளவென்று மெருகேற்றிக் கொடுத்தால் மகிழ்வார் என்று நினைத்து ஒருவர் பழைய கத்தியைத் தேய்த்துவிட்டால், அன்றோடு அதன் விலை பாதியாகும். அழுக்கும் அவருக்குச் சாட்சிதான்.

பயன்படுத்துபவர் கேட்பது

இரண்டாம் வகை, கையில் வைத்துப் புழங்குபவர். இவருக்கு முத்திரையும் வயதும் இரண்டாம் பட்சம். விரித்த அலகு இப்படியும் அப்படியும் ஆடக் கூடாது. மடக்கினால் அலகு நடுவில் நிற்க வேண்டும். பக்கத்தில் உரசக் கூடாது. ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்காமல் முழுதாக விரிய வேண்டும். காப்பு உறுதியாகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சட்டைப் பைக்குள்ளேயே திறந்து ஆளைக் காயப்படுத்தும். எஃகு கூர் தாங்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்தால் மாற்று கிடைக்க வேண்டும்.

மெலிந்த பழைய பாணி அலகு குத்துவதற்கு ஏற்ற வடிவமே தவிர, வெட்டுவதற்கு அவ்வளவாக உதவாது. இதை முன்கூட்டியே சொல்லும் கடைக்காரரிடம் இவர் மறுபடியும் வருவார். சொல்லாமல் தலையில் கட்டும் கடைக்காரரிடம் சரக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருவார்.

இருவரும் ஒன்றுசேரும் இடமும் உண்டு. பெயரில் ஏமாற்று இருக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. மலிவான நகல்கள் ஏராளமாக வருகின்றன. அவற்றில் பலவற்றில் பட்டை ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் சுருள் ஸ்பிரிங்கும், கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக்கும் இருக்கும். 'இத்தாலியப் பாணி' என்று எழுதி, அதற்குரிய விலையில் விற்றால் அது நேர்மையான வியாபாரம். மலிவு சரக்கு வேண்டியவரும் உலகில் உண்டு. 'பாணி' என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் அது மோசடி. கலப்பட மிளகுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டம் வந்து நின்றபோது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தக் கத்திகளை வாங்கிச் சென்றார்கள். அங்கே கிராக்கி ஏறியது. இத்தாலியப் பட்டறைகளுக்கு நல்ல காலம். ஆனால் 1950-ல் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்று, இது 'கொல்லும் பொம்மை' என்று எழுதியது. 1955-ல் வந்த 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' போன்ற படங்களில் வாலிபர்கள் இதை வைத்துச் சண்டை போட்டார்கள். விளைவு, 1958-ல் அமெரிக்க மத்திய அரசு இதன் இறக்குமதியையும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வியாபாரத்தையும் தடை செய்தது. அச்சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள கத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கையால் திறக்கக்கூடிய கத்தி என்பதன் உண்மையான உபயோகத்தைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

1959-ல் பிரிட்டன் இதன் விற்பனையைத் தடுத்தது. 2019-ல் இயற்றிய சட்டத்தால் வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. ஜெர்மனி 2024-ல் விதிகளைக் கடுமையாக்கியது. அமெரிக்காவிலோ எதிர்த்திசையில் காற்று வீசியது. 2010-ல் நியூ ஹாம்ப்ஷயர், 2013-ல் டெக்சாஸ் என்று பல மாநிலங்கள் தங்கள் தடையை நீக்கின. 1958-ன் மத்தியச் சட்டம் மட்டும் நிற்கிறது. ஒரே சரக்கு ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் வியாபாரம், அந்தப் பக்கம் வழக்கு. சரக்கின் தரம் அறிந்தால் மட்டும் போதாது, சட்டமும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மனியாகோ ஊர் இதனால் அழிந்துவிடவில்லை. சமையல் கத்தி, கத்தரிக்கோல், தொழிற்சாலைகளுக்கான வெட்டும் கருவிகள் என்று பல சரக்கில் கால் ஊன்றியிருந்ததே காரணம். ஒரே அயிட்டத்தை நம்பிக் கடை நடத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடைக்காரரின் சொல்

1957-ல் வெளிவந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' என்ற அமெரிக்கப் படத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு சிறுவனின் உயிர் இப்படிப்பட்ட ஒரு கத்தியைச் சுற்றியே ஊசலாடுகிறது. அதை விற்ற கடைக்காரர், அந்த மாதிரிக் கத்தி தம்மிடம் இருந்தது அது ஒன்றுதான் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அப்படியொரு கத்தி வேறு எங்கும் இருக்காது என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். ஜூரிகளில் ஒருவர் அதே மாதிரிக் கத்தியைத் தம் பையிலிருந்து எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். சிறுவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கடையில் சில டாலருக்கு வாங்கியது!

கதைதான். ஆனால் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தம் கடையைப் பற்றி மட்டுமே சொன்னார். கேட்டவர்கள் அதை ஊருக்கே பொருத்திக்கொண்டார்கள். நம் சரக்கைப் பற்றி நாம் சொல்லும் சொல்லுக்கு அவ்வளவு கனம் உண்டு. "இதுபோல வேறு எங்கும் கிடைக்காது" என்று வாய்க்கு வந்தபடி சொல்லுமுன் நாம் ஒரு கணம் நிதானிப்பது நல்லது.

எனவே அன்பர்களே, வருபவர் பழமை தேடுகிறாரா, பயன் தேடுகிறாரா என்று முதலில் கேட்டறிவோம். இருப்பதை இருப்பதாகச் சொல்வோம். சட்டம் அனுமதிப்பதை மட்டும் விற்போம். நாலு காசு குறைந்தாலும் நாணயம் குறையாது.