காலின் கீழே இறங்கும் பிறேக்

வாகனத்தை நிறுத்திவைத்து பிறேக்கை மிதியுங்கள். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருங்கள். நல்ல பிறேக் என்றால் மிதி ஓரிடத்தில் கல்லைப்போல நிற்கும். மெல்ல மெல்ல இறங்கி அடித்தட்டைத் தொடுமானால் அந்த வாகனத்தை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. "இரண்டு தரம் அடித்தால் பிடிக்கிறதுதானே" என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுகிறவர்கள் எம்மிடையே உண்டு. கப்பல்துறையிலிருந்து தம்பலகாமம், கந்தளாய் என்று போகும் கண்டி வீதியில் இருட்டில் மாடு குறுக்கே வரும். கந்தளாய் தாண்டினால் யானையும் வரும். இரண்டாம் தரம் மிதிக்க அங்கே நேரம் கிடையாது.

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் முன்னே நகர்ந்து பிறேக் ஒயிலைத் தள்ளுகிறது. திரவத்தை நசுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆகவே அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் போய்ச் சேருகிறது. மிதி இறங்குகிறது என்றால் ஒயில் எங்கோ போகிறது என்பதே பொருள். ஒன்றில் வெளியே ஒழுகுகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே தேய்ந்த றப்பரைக் கடந்து திரும்பிவிடுகிறது. இரண்டாவது வகையில் ஒரு சொட்டும் குறையாது. மூடியைத் திறந்து பார்த்து "ஒயில் நிறைய இருக்கிறது, பழுதில்லை" என்று சொல்பவர் ஏமாறுவது இங்கேதான்.

வேறு இரண்டு பழுதுகளை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். மிதி பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஆழத்தில் பிடித்து, இரண்டு மூன்று தரம் அடித்ததும் உயர்ந்து அங்கேயே நின்றால், அநேகமாக ட்ரம்முக்குள் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. உயர்ந்த பின்னும் காலின் கீழே இறங்கினால் மட்டுமே நாம் இங்கு பேசும் பழுது.

சோதனையை இஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நான்கைந்து தரம் மிதித்து, பிறகு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு தரம் பலமாகவும் ஒரு தரம் மெதுவாகவும் செய்து பார்ப்பது அவசியம். தேய்ந்த றப்பர், பலமாக மிதிக்கும்போது விரிந்து சுவருடன் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக அழுத்தும்போதுதான் வழிவிடும். சந்தியில் மெல்ல மிதித்துக்கொண்டு நிற்கும்போது சாரதி முதலில் இதை உணர்வதும் அதனாலேயே. பூஸ்டர் உள்ள வாகனங்களில், மிதித்தபடி இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மிதி சற்று இறங்கி நிற்கும். அது பழுதல்ல.

இனி ஒழுக்கைத் தேடுங்கள். கடற்காற்று வீசும் எங்கள் பக்கத்தில் இரும்புக் குழாய்கள், பிடிகம்பி இறுக்கிய இடங்களில் சத்தமில்லாமல் உக்கிவிடும். சில்லுகளின் உட்புறத்தில் ஈரம் தெரிந்தால் அதைத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பிறேக் ஒயில் தண்ணீரில் கரைந்துவிடும். அச்சிலிருந்து வரும் கியர் ஒயில் கரையாது. எங்கும் ஈரமில்லை, ஆனால் ஒயில் மட்டும் குறைகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டருடன் பொருத்தும் நட்டுகளைக் கழற்றி, அதைச் சற்று முன்னே இழுத்துப் பாருங்கள். பின்பக்க றப்பர் விட்டிருந்தால் ஒயில் பூஸ்டருக்குள் போய் ஒளிந்திருக்கும்.

1948 முதல் 1971 வரை தயாரான மொறிஸ் மைனர் இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதன் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒயில் ஊற்றக் கம்பளத்தைத் தூக்க வேண்டும். ஆகவே யாரும் பார்ப்பதில்லை. நான்கு சில்லுகளுக்கும் ஒரே வழிதான். ஓரிடத்தில் விட்டால் எல்லாம் போய்விடும், கைப்பிறேக் மட்டுமே மிஞ்சும்.

வெளியே ஒழுக்கே இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாய்களைக் கழற்றி, வாய்களைச் சரியான அளவு ஆணிகளால் அடைத்துக் காற்றை எடுத்துவிட்டு மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் குற்றவாளி அதுவே. இறங்காவிட்டால் பழுது அதற்கு அப்பால். ஏ.பி.எஸ் உள்ள வாகனத்தில் அந்தப் பெட்டிக்குள்ளும் ஒயில் கசிந்து திரும்பக்கூடும். ஹைபிரிட் கார்களின் மிதி வேறு விதமாக இயங்குவதால் இந்தச் சோதனைகளை அவற்றில் செய்ய வேண்டாம்.

றப்பர் கிற் மாற்றுவது மலிவுதான். ஆனால் சிலிண்டரின் உட்சுவரைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். குழியோ கீறலோ இருந்தால் புது றப்பரும் சில வாரங்களில் கிழிந்துவிடும். முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே செலவு குறைந்த வழி. பாகங்களைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ வேண்டாம், புதிய பிறேக் ஒயிலிலேயே கழுவுங்கள். அவசரத்துக்கு இஞ்சின் ஒயிலையோ தேங்காய் எண்ணெயையோ ஊற்றினால் றப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். பிறகு ஒரு சிலிண்டர் அல்ல, எல்லாவற்றையுமே பிரிக்க வேண்டும்.

டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நீர் 3.7 வீதமானால் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கலாம். திறந்து வைத்த பழைய போத்தலை வாங்காதீர்கள்.

காற்று எடுக்கும்போது தூரத்துச் சில்லிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வாகனங்களில் பெரும்பாலும் அது இடப்பக்கப் பின்சில்லு. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, காலை எடுக்குமுன் மூடவேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரானால் மிதியின் கீழே ஒரு மரத்துண்டை வையுங்கள். அடிவரை மிதித்தால் றப்பர், வழக்கமாக ஓடாத துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கிழியும். காலையில் இறங்காத மிதி காற்று எடுத்த பின் மாலையில் இறங்குவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

வேலை முடிந்ததும் அந்த ஒரு நிமிடச் சோதனையை மீண்டும் செய்து, வெறும் வளவில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் சில்லுகளின் உட்புறத்தை இன்னொரு தரம் பாருங்கள். எடுத்த பழைய ஒயிலைத் திரும்ப ஊற்றவும் வேண்டாம், கிணற்றடி மணலில் கொட்டவும் வேண்டாம்.