பாலாவுக்குப் பின்னால் ஒரு குரல்

சத்தம் போடாமல் வாருங்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். முன்வரிசையில் இடம் பிடிக்க ஓட வேண்டாம், நாம் போகப்போவது மேடையின் பின்பக்கம்! எல்லோரும் பரதநாட்டியம் ஆடும் பாலசரஸ்வதியின் கண்ணையும் கையையும் பார்த்துச் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கட்டும். எனக்கு ரொம்ப நாளாக வேறொரு ஆசை. பின்னால் பாடிக்கொண்டிருக்கிறாரே ஓர் அம்மா, அவரைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பெயர் ஜெயம்மாள். ஆடுகிறவரைப் பெற்றவர்.

பெற்ற தாய் பாட, மகள் ஆட! இதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பரதநாட்டியத்துக்குச் சதிர் என்று பேர் இருந்த காலத்து மேடை இன்றைய மேடை மாதிரி இருக்காது. பாடுகிறவர், நட்டுவனார், மிருதங்கக்காரர் என்று மொத்தக் கோஷ்டியும் ஆடுகிறவருக்குப் பின்னால் நின்றுகொண்டே வாசிக்கும். மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். ஆடுகிறவர் நாலடி முன்னே வந்தால் அத்தனை பேரும் நாலடி முன்னே வருவார்கள், பின்வாங்கினால் பின்வாங்குவார்கள். பக்கவாட்டில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து பாடும் வழக்கம் பிற்பாடு வந்தது. பின்னால் நின்று பாடுகிறவருக்கு எது கண்ணில் படும் என்று யோசித்துப் பாருங்கள். சபை முழுக்க ரசிக்கிற முகம் அவருக்குத் தெரியாது. பின்னல் தெரியும், தோள் தெரியும், கழுத்து சாய்கிற சாய்வு தெரியும். அதை வைத்துக்கொண்டே, இதே அடியை இன்னொரு தரம் பாடலாமா, அடுத்ததற்குப் போகலாமா என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்க வேண்டும். ஒரு தாய்க்கு இது கைவந்ததில் ஆச்சரியம் என்ன? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த தோள் அல்லவா!

அந்தக் காது எங்கே பழுத்தது என்று பார்க்க ஜார்ஜ் டவுனுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கேதான் வீணை தனம்மாளின் வீடு. ஜெயம்மாளின் தாய் அவர், 1867-இல் பிறந்தவர். வெள்ளிக்கிழமை மாலையில் அவர் வீணையை எடுத்தால் பட்டணத்துப் பெரிய வித்வான்களெல்லாம் அடக்கமாக வந்து உட்காருவார்கள். தனம்மாள் விரலில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் வெறும் விரலாலேயே மீட்டுவார். நாதம் அவ்வளவு மெல்லியது. ஆகவே அறையில் மூச்சைக்கூட நிதானமாக விட வேண்டும். பிற்காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் போகவில்லை. அந்த நிசப்தத்துக்குள்தான் ஜெயம்மாள் பாடக் கற்றுக்கொண்டார். அவருடைய அக்கா தங்கைகள், பிருந்தா, முக்தா என்று பின்னால் பேரெடுத்த பேத்திகள், எல்லோருக்கும் அதே பள்ளிக்கூடம். இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது: டி. பாலசரஸ்வதி என்கிற பெயரில் வரும் ‘டி’ தஞ்சாவூரைக் குறிப்பது. அரண்மனையில் ஆடிப் பாடிய பாட்டிகளின் ஊர் அது. தாய்வழியே இறங்கி வந்த முதலெழுத்து!

இப்போது 1920-களுக்கு வாருங்கள். தேவதாசி மரபை ஒழிக்க வேண்டும் என்ற குரல் நாலாபக்கமும் எழும்பிக்கொண்டிருந்த நேரம். அந்த மரபில் வந்த இவர்களைப் போன்ற குடும்பங்களில் பெண்ணுக்குச் சலங்கை கட்டினால் ஊர் ஏசும். பாட்டு போதும், ஆட்டம் வேண்டாம் என்று உறவுக்குள்ளேயே முணுமுணுப்பு. மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடியதைப் பார்த்துவிட்டுக் குட்டிப் பாலா, ஆடியே தீருவேன் என்கிறாள். ஜெயம்மாள் மகள் பக்கம் நின்றார். நாலு வயதில் கந்தப்பா பிள்ளையிடம் ஒப்படைத்தார். அவர் கண்டிப்புக்குப் பேர்போன ஆசான். 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நடந்தது. அன்றைக்கு அந்த அம்மா பயந்து ஒதுங்கியிருந்தால் நமக்கு பாலா கிடைத்திருக்க மாட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இனிமேல் வருவதுதான் நான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்துவந்த காரணம். 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தின் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய பாலா, ஒரு பரதநாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம். ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள். வர்ணத்தில் சந்நிதியை நெருங்கிவிடுகிறோம். பதம் வரும்போது கர்ப்பகிருகம். மேளச் சத்தமெல்லாம் வெளியே நின்றுவிட, உள்ளே ஒற்றை விளக்கும் அமைதியும். சரி, அந்தக் கர்ப்பகிருகத்துக்குள் கேட்ட குரல் யாருடையது? அம்மாவுடையது!

பதம் விளம்ப காலத்தில் நடக்கும். ஒரே அடியைப் பத்து தரம் பாடுவார்கள். ஒவ்வொரு தரமும் சங்கதி கொஞ்சம் திரும்பும். பாட்டு திரும்புகிற திசையில் அபிநயமும் திரும்பும். ஓர் இழுப்பில் ஏக்கம், அடுத்ததில் ஊடல், அதற்கடுத்ததில் கேலி. சில சமயம் பாலாவே ஆடிக்கொண்டே வாய்விட்டுப் பாடுவார். வியாசராயர் கன்னடத்தில் பாடிவைத்த அந்த யமுனாகல்யாணிக் கண்ணன் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும், பாலா ஆடிப் புகழ்பெற்றது. குழந்தையை வாவென்று அழைக்கிற தாய். பாடுகிறவர் தாய். முன்னால் யசோதையாக நிற்பவள் அவர் பெற்ற குழந்தை. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே எனக்குப் பிடிபடுவதில்லை, பிடிபடவும் வேண்டாம்.

ஜெயம்மாளின் மடியில் வளர்ந்தவர் பாலா ஒருவர் மட்டுமா? ஒரு மகன் ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றார். இன்னொரு மகன் விஸ்வநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல். இருவரும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார்கள். இசைவாணர்களுக்கென்றே இருந்த சங்கீத கலாநிதி பட்டம் 1973-இல் பாலாவுக்குப் போனது, 1988-இல் விஸ்வநாதனுக்கு. ஒரு வீடு, ஓர் அம்மா, இரண்டு கலாநிதி! 1943-இல் பேத்தி லட்சுமி பிறந்தாள். அவளும் ஆட வந்தாள், அவள் மகன் அனிருத்தும் ஆட வந்தான். அந்த வீட்டில் தாலாட்டும் பாடமும் ஒரே ராகத்தில்தான் இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஜெயம்மாள் 1967-இல் காலமானார். ஒன்பது வருஷம் கழித்து சத்யஜித் ராய் எடுத்த ‘பாலா’ படத்தில், கடற்கரையில் அதே கண்ணன் பாட்டுக்கு ஆடுகிறார் பாலா. காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது, அவர் விடாமல் கூப்பிடுகிறார். எத்தனை தரம் பார்த்தாலும் என் கண் அவர் தோளைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. அங்கே அலை வந்து வந்து போகிறது.