162 ஆட்டம், 121 தோல்வி! தெரியுமா இந்த சிகாகோ அணியை?

ஒரு அணி தொடர்ச்சியாக எத்தனை ஆட்டம் தோற்க முடியும்? ஐந்து? பத்து? அமெரிக்காவின் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி 2024 ஜூலை 10-ம் தேதி தோற்க ஆரம்பித்தது. அடுத்த வெற்றியைக் கண்ணால் பார்த்தது ஆகஸ்ட் 6-ம் தேதி! இடையில் வரிசையாக 21 தோல்வி. ஐபிஎல்லில் ஒரு அணிக்கு லீக் சுற்றில் மொத்தமே 14 ஆட்டம்தான். ஒரு சீசன் முழுக்கத் தோற்று, அடுத்த சீசனிலும் பாதி வரைக்கும் தோற்றால்தான் இந்த 21-ஐத் தொட முடியும்!

அந்த நீண்ட வறட்சி முடிந்த கதையைக் கேளுங்கள். ஓக்லாண்டில் 5-1 என்று ஒருவழியாக ஜெயித்தார்கள். ஊரே பெருமூச்சு விட்டது. அடுத்த இரண்டாம் நாள் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! 21 தோல்வி வரைக்கும் வைத்திருந்து, ஜெயித்த பிறகு கழற்றிவிட்ட விசித்திரம் வேறெங்கே நடக்கும்?

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள், கிட்டத்தட்ட தினமும், ஆடியாக வேண்டும். இத்தனை ஆட்டத்தில் எப்பேர்ப்பட்ட சாம்பியனும் அறுபதைச் சுற்றித் தோற்பான். எப்பேர்ப்பட்ட சோப்ளாங்கியும் அறுபதைச் சுற்றி ஜெயிப்பான். அதுதான் இந்த விளையாட்டின் நியதி. அந்த நியதியையே உடைத்துக் காட்டியது ஒயிட் சாக்ஸ். 2024-ல் ஜெயித்தது 41, தோற்றது 121! 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்ற அணி வேறு கிடையாது. அதற்கு முன் அந்த 'மகுடத்தை' 62 வருஷம் சுமந்திருந்தது, 1962-ல் 120 ஆட்டம் தோற்ற நியூயார்க் மெட்ஸ்.

மெட்ஸைச் சமன் செய்ய 120-வது தோல்வி வந்தபோது சீசனில் மிச்சம் ஆறே ஆட்டம். சாதனையை நேரில் பார்த்துவிடலாம் என்று சிகாகோ ரசிகர்கள் சொந்த மைதானத்துக்குக் கிளம்பி வந்தார்கள். வந்தவர்கள் உரிமையாளரைப் பார்த்து "அணியை விற்றுத் தொலை" என்று கோஷம் போட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? அந்த சீசனில் ஏழு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த 94 ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்காத அணி, எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்துத் தொலைத்தது! அடுத்த இரண்டு நாளும் ஜெயித்தது. தோற்க வேண்டும் என்று காத்திருந்தால் அதிலும் ஏமாற்றம்!

பிறகு டெட்ராய்ட் போனார்கள். செப்டம்பர் 27. அங்கே 4-1 என்று 121-வது தோல்வி விழுந்தது. அந்த நொடியில் அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சிகாகோவின் சோகத்துக்காக அல்ல. அதே ஆட்டத்தால் டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து வருஷம் கழித்து பிளேஆஃபுக்குள் நுழைந்தது! ஒரே பந்தில் ஒரு அணிக்கு சொர்க்கம், இன்னொன்றுக்குச் சரித்திர அவமானம்.

இதற்குள்ளே இன்னொரு ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. இந்த 120 என்ற பள்ளத்தில் 2003-ல் விழப் பார்த்த அணி எது? அதே டைகர்ஸ்! கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்து, 119 தோல்வியோடு மயிரிழையில் தப்பினார்கள். ஒயிட் சாக்ஸும் கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்தது. ஆனால் தப்பவில்லை. கணக்கு அவ்வளவு மோசமாகிவிட்டிருந்தது.

சரி, உலகத்திலேயே மட்டமான அணி இதுதானா? அவசரப்படாதீர்கள்! 1900-க்குப் பிறகான தோல்வியின் எண்ணிக்கையில்தான் முதலிடம். விகிதத்தில் பார்த்தால் 1916-ல் 36 ஆட்டம் மட்டும் ஜெயித்து 117-ல் தோற்ற ஃபிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் இதைவிட மோசம். அதற்கும் முன்னால் 1899-ல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்றொரு அணி. 20 வெற்றி, 134 தோல்வி! அந்த அணியின் முதலாளிகள் செயின்ட் லூயிஸிலும் இன்னொரு அணி வைத்திருந்தார்கள். கிளீவ்லாந்திலிருந்த நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் சை யங். இன்றைக்கும் வருஷத்தின் சிறந்த பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது! சொந்த ஊரில் கூட்டமே இல்லாமல் வெளியூர் வெளியூராகப் போய் ஆடிய ஸ்பைடர்ஸ், வெளியூரில் மட்டும் 101 ஆட்டம் தோற்றது. சீசன் முடிந்ததும் கடையை மூடிவிட்டார்கள்.

ஒயிட் சாக்ஸ் ஏதோ நேற்று முளைத்த அணி என்று நினைத்துவிட வேண்டாம். விசித்திரங்கள் அதன் ரத்தத்திலேயே ஊறியவை. 1906-ல் தங்கள் லீகிலேயே மட்டமான பேட்டிங் சராசரியோடு (ஒரு முயற்சிக்கு எத்தனை ஹிட் என்ற விகிதம்) வந்து, அந்த வருஷம் 116 ஆட்டம் ஜெயித்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்களான சிகாகோ கப்ஸை இறுதித் தொடரில் சாய்த்த அணி இது. 1919-ல் அமெரிக்காவையே உலுக்கிய சூதாட்ட ஊழலும் இவர்களுடையதுதான். இறுதித் தொடரை விட்டுக்கொடுக்கப் பணம் வாங்கியதாக எட்டு பேர் மீது வழக்கு. நீதிமன்றம் விடுதலை செய்தது. பேஸ்பால் கமிஷனர் ஆயுள் தடை போட்டார்! அந்த எட்டு பேரில் ஒருவரான ஷூலெஸ் ஜோ ஜாக்சன் அதே தொடரில் 12 ஹிட் அடித்து .375 என்ற அபார சராசரி வைத்திருந்ததால், அவர் நிஜமாகவே விட்டுக்கொடுத்தாரா என்பது இன்று வரை விவாதம். அவர் மீதிருந்த தடையை நீக்கியது 2025 மே மாதத்தில். அவர் இறந்து 70 வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது!

1976-ல் இவர்கள் அரைக்கால் டிராயர் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். மேஜர் லீக் ஆட்டத்தில், நிஜமாகவே! 1979 ஜூலையில் இன்னும் கூத்து. ஒரு டிஸ்கோ இசைத்தட்டும் 98 சென்ட்டும் கொண்டு வந்தால் உள்ளே விடுவோம், தட்டுகளை எல்லாம் மைதானத்தின் நடுவில் வெடி வைத்துத் தகர்ப்போம் என்று அறிவித்தார்கள். தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தரை நாசமாகி அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை; எதிரணிக்கு வெற்றி என்று அறிவித்தார்கள். எதிரணி யார்? டெட்ராய்ட் டைகர்ஸ்தான்!

கூடைப்பந்தின் கடவுள் மைக்கேல் ஜோர்டன் 1994-ல் பேஸ்பால் ஆட வந்தது எந்த அணிக்கு? இவர்களுக்குத்தான். அவரை பர்மிங்ஹாமில் இருந்த கிளை அணியில் ஆட வைத்தார்கள்; .202 சராசரி அடித்துவிட்டு மீண்டும் கூடைப்பந்துக்கே ஓடிவிட்டார்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். போப்பாண்டவருக்குப் பிடித்த அணி எது தெரியுமா? இதேதான்! 2025 மே மாதம் போப் ஆன பதினான்காம் லியோ சிகாகோவில் பிறந்தவர். 2005-ல் ஒயிட் சாக்ஸ் உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆடியபோது அவர் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி டிவி ஒளிபரப்பிலேயே பதிவாகியிருக்கிறது. போப் ஆன பிறகு வாடிகனிலேயே ஒயிட் சாக்ஸ் தொப்பி போட்டுப் படம் பிடிக்கப்பட்டார். அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவும் இந்த அணியின் ரசிகர்தான். முன்னாள் அதிபரும் வருங்காலப் போப்பும் கைவசம் இருந்தும் 121 தோல்வி!

போப் உட்கார்ந்து பார்த்த 2005-ல் இந்த அணி எப்படி இருந்தது என்றால், பிளேஆஃப் சுற்றுகளில் 12 ஆட்டத்தில் 11 வெற்றி. அரையிறுதிக்குச் சமமான தொடரில் நான்கு பிட்சர்கள் அடுத்தடுத்த நான்கு ஆட்டங்களில், மாற்று ஆள் கேட்காமல் முழு ஆட்டமும் தாங்களே வீசி முடித்தார்கள். 1917-க்குப் பிறகு 88 வருஷம் கழித்துக் கோப்பை வந்தது. ஏன், 2021-ல்கூட 93 ஆட்டம் ஜெயித்துத் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். மூன்றே வருஷத்தில் அங்கிருந்து பாதாளம்! 2023-ல் 101 தோல்வி, 2024-ல் 121, 2025-ல் 102. மூன்று வருஷம் தொடர்ந்து சதம்.

ஆனால் 2025-ன் அந்த 102-ஐ வெறும் தோல்விக் கணக்காகப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். வெற்றி 41-லிருந்து 60 ஆகியிருக்கிறது. ஒரே வருஷத்தில் 19 கூடுதல்! வில் வெனபிள் என்ற புது மேனேஜர் வந்தார். ஜூலை 4-ம் தேதி கோல்சன் மாண்ட்கோமரி என்ற ஷார்ட்ஸ்டாப் ஃபீல்டர் களமிறங்கினார். வசந்த காலத்தில் கீழ்நிலை அணியில்கூட பேட் படாமல் தடவிக்கொண்டிருந்த பையன். பேட் வீசும் முறையைத் திருத்தச் சொல்லி அரிசோனா பயிற்சி முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து வந்து 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி)! அது பாதி சீசன்கூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஷேன் ஸ்மித் கதை அதைவிட ருசி. பேஸ்பாலில் 'ரூல் 5' என்றொரு விதி உண்டு. ஒரு அணி தன் கீழ்நிலை ஆட்டக்காரர் ஒருவரை முக்கியப் பட்டியலில் சேர்க்காமல் வருஷக்கணக்கில் ஓரமாக வைத்திருந்தால், இன்னொரு அணி ஒரு லட்சம் டாலர் கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். மில்வாக்கி அணி ஓரங்கட்டி வைத்திருந்த பிட்சர் ஸ்மித்தை 2024 டிசம்பரில் ஒயிட் சாக்ஸ் அப்படித் தூக்கியது. ஏழே மாதத்தில் அவர் லீகின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் அணியில்! பேஸ்பால் உலகில் ஒரு லட்சம் டாலர் சில்லறைக் காசு.

அந்த டெட்ராய்ட் இரவில் 121-வது தோல்வி விழுந்த ஆட்டத்தைத் தொடங்கி வைத்த பிட்சர் கேரட் குரோஷே. நல்ல ஆட்டக்காரர், தவறான அணி. அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து, பதிலுக்கு நான்கு இளைஞர்களை வாங்கினார்கள். அவர் அங்கே போய் 18 வெற்றி, 255 ஸ்டிரைக்-அவுட் என்று அமர்க்களப்படுத்தினார். ஐயோ நஷ்டம் என்று தோன்றும். ஆனால் வாங்கிய நால்வரில் கேட்சர் கைல் டீலும் சேஸ் மைட்ராத்தும் 2025-லேயே சிகாகோவின் முக்கிய ஆட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இது இருவருக்கும் லாபமான வியாபாரம்.

அடுத்ததுதான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத விஷயம். அமெரிக்காவில் மட்டமாக ஆடும் அணிக்கு, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்னுரிமை. அதற்காகவே சில அணிகள் தோற்கத் தயங்குவதில்லை என்பதால் இப்போது குலுக்கல் வைத்திருக்கிறார்கள். வருமானத்தில் பெரிய அணிகள் இரண்டு வருஷம் தொடர்ந்து குலுக்கலில் இடம் பெறக் கூடாது என்று ஒரு உபவிதி. ஒயிட் சாக்ஸ் பெரிய நகரத்து அணி. விளைவு? நவீன சரித்திரம் காணாத 121 தோல்விக்குப் பரிசாக 2025-ல் கிடைத்தது பத்தாவது இடம்! தோற்றதற்கும் பலனில்லை. ஒரு வருஷம் கழித்து 2025 டிசம்பர் குலுக்கலில் அதிர்ஷ்ட தேவதை கண் திறந்தாள்: 2026 டிராஃப்டின் முதல் இடம் இவர்களுக்கு. 1977-க்குப் பிறகு இப்போதுதான். அன்று எடுத்த ஹெரால்ட் பெயின்ஸ் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். அதற்கு முன் 1971-ல் முதல் இடத்தில் எடுத்த டேனி குட்வின், "வேண்டாம், படிக்கப் போகிறேன்" என்று கல்லூரிக்குப் போய்விட்டார்! நான்கு வருஷம் கழித்து வேறொரு அணி அவரையே மறுபடி முதலில் எடுத்தது. இரண்டு முறை முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான்.

அதே 2025 டிசம்பரில் ஜப்பானிலிருந்தும் ஒரு இடி. 2022-ல் 56 ஹோம் ரன் அடித்து, சதஹாரு ஓ என்ற ஜாம்பவானின் 55-ஐத் தாண்டிய முனெதாகா முரகாமி, இரண்டு வருஷத்துக்கு 3.4 கோடி டாலருக்கு ஒயிட் சாக்ஸில் சேர்ந்தார். பட்டால் பந்து காணாமல் போகும். படாமல் போவதும் அடிக்கடி நடக்கும். அதனால்தான் பெரிய அணிகள் தயங்கின, சிகாகோவுக்குக் கிடைத்தார்.

பள்ளத்திலிருந்து ஏறி வந்தவர்களும் உண்டு. 1962-ல் 120 தோற்ற மெட்ஸ் 1969-ல் உலக சாம்பியன். 2003-ல் 119 தோற்ற டைகர்ஸ் மூன்றே வருஷத்தில் இறுதித் தொடரில். 2013-ல் 111 தோற்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2017-ல் சாம்பியன். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும்: 2025-ல் கொலராடோ ராக்கீஸ் 119 தோற்று, சிகாகோவின் சாதனையை இரண்டே ஆட்டத்தில் தவறவிட்டது. பள்ளம் யாருக்கும் சொந்தமில்லை.

ஒயிட் சாக்ஸ் ஏறி வரத் தடை எங்கே என்றால், கஜானாவில். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தின் அணி இது. 1981 முதல் அதன் பொறுப்பில் இருப்பவர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். அந்த அணி தன் வரலாற்றில் ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம், 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர்தான். நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்குக் கொடுத்தது 76.5 கோடி! பத்து மடங்குக்கும் மேல். ஜஸ்டின் இஷ்பியா என்ற கோடீஸ்வரரோடு 2025-ல் அணியைக் கைமாற்றும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஆனால் ரைன்ஸ்டார்ஃப் விரும்பினால்தான் 2029-லிருந்து 2033-க்குள் அணி கைமாறும். அதன் பிறகே வாங்கும் உரிமை இஷ்பியாவுக்கு வரும்.

ஆகவே 2026-ல் கோப்பை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல்வியை நூறுக்குள் அடக்கும் ஆட்கள் இப்போது இருக்கிறார்கள். அதற்கு மேலே ஏற வேண்டுமானால் முதலாளி பர்ஸைத் திறக்க வேண்டும்.