பேசாத பிள்ளை நல்ல பிள்ளையா?



பத்து ஆண்டுகளுக்கு முன் மும்பையில், எங்கள் குடியிருப்பை அடுத்த பால்வாடி ஒன்றில் நடந்த காரியத்தை முதலில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றரை வயதுப் பெண்குழந்தை. தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தாயார் வீட்டு வேலைக்குச் செல்பவர். பால்வாடியில் சேர்ந்த நாள்முதல் அப்பிள்ளை வாய் திறக்கவில்லை. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "தங்கமான பிள்ளை, அவளால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று ஆசிரியை பாராட்டினார். தாயார் அதைப் பெருமையோடு என்னிடம் சொன்னபோது நானும் மகிழ்ந்தேன். இன்று அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மாதம் சென்றபின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சலால் துடித்தாள். "பிள்ளை தண்ணீர் குடிப்பதில்லையா?" என்று மருத்துவர் கேட்டார். விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. பால்வாடியில் இருக்கும் நேரமெல்லாம் அவள் ஒரு வாய்த் தண்ணீரும் குடிப்பதில்லை, கழிப்பறைக்கும் போவதில்லை. காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்கிருந்த உதவியாளர் அம்மா அதிகம் படித்தவர் அல்லர். அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, தம் விரலை நீட்டி, "நீ என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று சைகை காட்டினார். பிள்ளை விரலைப் பற்றி நடந்தாள். பொம்மைக் கூடையண்டை நின்றாள். ஜன்னலண்டை நின்று, தெருவில் கட்டியிருந்த ஆட்டைக் காட்டினாள். கழிப்பறையை நெருங்கியதும் விரலை உதறிவிட்டுப் பின்வாங்கினாள். உள்ளே விளக்கு எரியவில்லை. கதவோ தானாகச் சாத்திக்கொள்ளும். "பயமாயிருக்கு" என்ற சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே மராத்தியும் இந்தியுமே ஒலித்தன. அவள் சொல்லை விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

ஒரு புதிய விளக்கு, கதவிடுக்கில் வைக்க ஒரு மரக்கட்டை. இவ்வளவுதான் தேவைப்பட்டது. பிள்ளை தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். சில வாரங்களில் பேசவும் தொடங்கினாள்.

மௌனம் எல்லாம் அடக்கம் அல்ல

பெருநகரத்தில் நாம் பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகளில் குடியிருக்கிறோம். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். ஆகவே, "சத்தம் போடாதே" என்பதே நம் பிள்ளைகள் அதிகம் கேட்கும் வார்த்தையாக இருக்கிறது. வீட்டிலே வாயை மூடப் பழகிய பிள்ளை, மொழி தெரியாத பால்வாடிக்குச் செல்கையில், அதற்கு இரண்டு கதவுகளும் அடைபடுகின்றன. அந்த மௌனத்தை நாம் நற்குணம் என்று மெச்சிக்கொள்கிறோம். உள்ளே இருப்பது பயமா, பசியா, வலியா என்று ஆராய்வதில்லை.

முற்றத்தைத் தேடிச் சென்ற பள்ளி

நாம் வாழும் இம்மகாராஷ்டிரத்திலேயே நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1945ஆம் ஆண்டில் தாராபாய் மோடக் அம்மையார், அனுதாய் வாக் என்னும் உடன் ஊழியரோடு, கடலோரக் கிராமமாகிய போர்டியில் சிறு பிள்ளைகளுக்காகப் பால்வாடி தொடங்கினார். ஏழைகளின் பிள்ளைகள் வரவில்லை. "இவர்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. பிள்ளைகள் வராததையே அவர்கள் சொல்லும் ஒரு பதிலாக ஏற்று, பால்வாடியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுசென்றார். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அவ்வாறே பிறந்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மூலம் அந்தப் பெயர் நாடெங்கும் பரவிற்று.

பிள்ளையின் கருத்தைக் கேட்பது பெரியவர்கள் காட்டும் தயவு மட்டுமல்ல. அது பிள்ளையின் உரிமையுமாகும். 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. இந்தியா 1992ஆம் ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது. 2005ஆம் ஆண்டில் அதற்கான குழு அளித்த விளக்கவுரை, பேசவோ எழுதவோ அறியாத பருவத்திலேயே குழந்தைகள் பல வழிகளில் தங்கள் எண்ணத்தைத் தெரிவிக்கிறார்கள் என்று எடுத்துரைத்தது. இங்கிலாந்தில் அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்னும் ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், பிள்ளைகளே பெரியவர்களைக் கூட்டிச் சென்று தங்களுக்குப் பிடித்த இடங்களைக் காட்டுவார்கள், படம் எடுப்பார்கள், வரைபடம் அமைப்பார்கள். எங்கள் உதவியாளர் அம்மா அந்த ஆய்வை வாசித்தவர் அல்லர். அன்பு அவருக்கு அதே வழியைக் காட்டியது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. பால்வாடி ஆசிரியையிடம் உங்கள் பிள்ளை சொல்லும் ஐந்தாறு தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுங்கள்: தண்ணீர், பசி, வலி, பயம், ஒண்ணுக்கு, அம்மா. அவர் வாசிக்கும் எழுத்தில் எழுதுங்கள்.

2. "இன்று என்ன படித்தாய்?" என்பதோடு நிறுத்தாதிருங்கள். "எந்த இடத்தில் விளையாடினாய்? எந்த இடம் உனக்குப் பிடிக்கவில்லை?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சிறு பிள்ளைக்குச் சொல் கிடைக்க நேரம் ஆகும்.

3. பிள்ளை தனியே விளையாடுகையில் கவனியுங்கள். பொம்மையை அது அதட்டினால், அது எங்கோ அதட்டப்படுகிறதோ என்று விசாரியுங்கள்.

4. சிறு காரியங்களில் தெரிவு செய்ய விடுங்கள். மருந்து குடித்தே ஆகவேண்டும். ஆனால் அம்மா மடியிலா, அப்பா மடியிலா என்பதைப் பிள்ளை சொல்லட்டும். கேட்பது என்றால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது அல்ல. இயலாது என்றால், காரணத்தை எளிய சொற்களில் சொல்லுங்கள்.

இதில் ஒரு பெரிய பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. "இந்தக் குவளை வேண்டாம்" என்று சொல்லும்போது செவிகொடுக்கப்பட்ட பிள்ளைதான், ஒருவர் தகாத விதமாய்த் தொட்டால் அதையும் வந்து சொல்லும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1098 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் பிள்ளை வாய் திறக்காவிடில், நாம் நம்பாவிடில், சட்டம் எங்கே நுழையும்?

நம் சபையின் சிறுவர் வகுப்பையும் ஆராய்ந்து பார்ப்போம். கைகட்டி அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுத்தோமா? இரவிலே மூன்று முறை எழுந்து வந்த சிறுவன் சாமுவேலை முதியவரான ஏலி அடித்து விரட்டவில்லை. மூன்றாம் முறை அவன் சொன்னதன் பொருளை உணர்ந்துகொண்டார்.

அன்று மௌனமாயிருந்த அந்தப் பெண்பிள்ளை இன்று உயர்நிலைப் பள்ளி மாணவி. "ஐயா, இவள் வாயை மூடவே மாட்டேன் என்கிறாள்" என்று தாயார் சிரித்துக்கொண்டே குறை சொல்லுகிறார். பிரியமானவர்களே, அப்படிப்பட்ட குறை உங்கள் வீட்டிலும் உண்டாகட்டும். இன்று இரவு தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சற்று அணைத்துவிட்டு, உங்கள் சிறு பிள்ளையின் எதிரே தரையில் அமருங்கள். விரலை நீட்டுங்கள். அது உங்களை எங்கே கூட்டிச் செல்கிறதோ, அங்கே செல்லுங்கள்.