இரண்டு சன்னல் காமிரா

எங்கள் காக்களூர் வீட்டில் 1980களில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகம் மங்கல். பின்சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தேதியோ துல்லியம்! பாட்டிக்கு வேறு படமே கிடையாது. அதை எடுத்தவர் என் அப்பா. தொழிற்பேட்டை வேலையில் மிச்சம் பிடித்துப் பழையதாக வாங்கிய சிறிய காமிரா. உள்ளே உதகையில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள். (ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த அந்தச் சுருள் இப்போது வருவதில்லை.) லென்சு மட்டம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இன்று உங்களில் சிலர் தாத்தாவின் பெட்டியிலிருந்து இத்தகைய காமிராக்களை எடுத்து வந்து, “சார், எதில் லென்சு நல்லது?” என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். ஏரியின் அக்கரையில் நிற்கும் பனை தாவுவதாகத் தெரியாது. இடமாற்றம் அதிகமானால் பொருள் அருகில், குறைந்தால் தொலைவில். ரேஞ்ச்பைண்டர் எனப்படும் தூரமானி செய்வதும் இதுவே. காமிராவின் முகப்பில் இரண்டு சன்னல்கள் உள்ளன. ஒன்றின் வழியே நேராகப் பார்க்கிறோம். மற்றதன் வழியே வரும் பிம்பத்தைக் கண்ணாடிகள் திருப்பி முதல் பிம்பத்தின் மேல் விழச் செய்கின்றன. லென்சின் வளையத்தைத் திருகினால் இரண்டாம் பிம்பம் நகரும். இரண்டும் ஒன்றானால் குவியம் சரி.

சன்னல்களுக்கு இடையே 2 செ.மீ. என்று கொள்வோம். 1 மீட்டரில் உள்ள பொருளிடம் அவை உண்டாக்கும் கோணம் 1.15 பாகை. 2 மீட்டரில் 0.57. 10 மீட்டரில் வெறும் 0.11. நம் கண்ணோ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். சன்னலில் காட்சி பாதியாகச் சிறுத்துத் தெரிந்தால் அதுவும் முப்பதில் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போட்டால் 1 மீட்டரில் சுமார் 3 செ.மீ. பிழை, 2 மீட்டரில் 12 செ.மீ. பிழை வருகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கேற்பப் பிழை வளர்கிறது.

இனி லென்சுக்கு வருவோம். 1972-இல் வந்த கேனனெட் ஜி-III கியூ.எல். 17 காமிராவின் லென்சு 40 மி.மீ., எஃப் 1.7. முழுத் திறப்பில், 1 மீட்டர் தூரத்தில், முன்னும் பின்னும் சுமார் 3 செ.மீ. மட்டுமே தெளிவாக விழும். 2 மீட்டரில் சுமார் 13 செ.மீ. இந்தத் தெளிவு எல்லையும் தூரத்தின் வர்க்கப்படியே வளர்கிறது, கவனித்தீர்களா? ஆகவே கிட்டத்தில் சமாளிக்கும் தூரமானி எட்டத்திலும் சமாளிக்கும். ஆனால் 2 செ.மீ. இடைவெளிக்கு எஃப் 1.7 மயிரிழைக் கணக்குதான்.

1970-இன் ஒலிம்பஸ் 35 ஆர்.சி.யில் 42 மி.மீ., எஃப் 2.8 லென்சு. எஃப் 1.7 லென்சு இதைப்போல் 2.7 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் எஃப் 2.8-இல் தெளிவு எல்லை இருபுறமும் சுமார் 5 செ.மீ.; சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுப்பவருக்கு முன்னது, வெயிலில் எடுப்பவருக்குப் பின்னது என்பேன். ஒலிம்பஸ் பெயரிடும் முறை வேடிக்கையானது. இ-சுய்க்கோ என்றால் ஐந்து கண்ணாடிகள், 35 எஸ்.பி.யின் ஜி-சுய்க்கோ என்றால் ஏழு. ஆங்கில எழுத்து வரிசையை எண்ணிப் பாருங்கள்!

குவியத் தூரம் கூடினால் தெளிவு எல்லை சடாரெனச் சுருங்கும். அதனால்தான் 1954-இன் லைக்கா எம்3 தன் சன்னல்களைச் சுமார் 7 செ.மீ. தள்ளி வைத்து, 135 மி.மீ. லென்சையும் ஏற்றது. சின்னக் காமிராக்கள் 40 மி.மீ.யைச் சுற்றியே நின்றுவிட்டன.

மின்கலத்தையும் பாருங்கள். இவற்றில் பல பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டவை. அது இன்று கடைகளில் இல்லை. மின்கலம் இல்லாமலும் கேனனெட்டின் மூடி எல்லா வேகங்களிலும் இயங்கும். 1966-இன் யாஷிகா எலக்ட்ரோ 35 ஒரே வேகத்தில்தான் இயங்கும்.

வாங்குமுன் சோதனை எளிது. வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்துத் தொலைவிலுள்ள கோபுரத்தைப் பாருங்கள். பிறகு நாடாவால் 1 மீட்டர் அளந்து வைத்த பொருளைப் பாருங்கள். இரண்டிலும் பிம்பங்கள் பொருந்த வேண்டும். ஒருமுறை கீழே விழுந்தாலே உள்ளிருக்கும் கண்ணாடி அசைந்துவிடலாம்.

அப்பாவின் காமிராவை அண்மையில் ஏரிக்கரைக்கு எடுத்துப் போனேன். வளையம் முடிவிலியில் இருக்க, அக்கரைப் பனை இரண்டாகத் தெரிந்தது.