பச்சைக்குள் மறைந்த பொன்

இறைவனின் படைப்பில் முடிவுக்கும் ஓர் அழகு உண்டு. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் காடுகளைக் காண்போர் இதனை உணர்வர். சில வாரங்களில் உதிரப்போகும் இலைகள் பொன்னும் செம்பும் குருதிச் சிவப்புமாய் மலைச்சரிவுகளை மூடிவிடுகின்றன. அக்காட்சியை நீர்வர்ணத்தில் தீட்ட விழைபவர் எங்கிருந்து தொடங்குவது? முதலில் இலையினிடமே பாடம் கேட்க வேண்டும்.

கோடை முழுவதும் இலையில் நிறைந்திருப்பது பச்சையம். பகற்பொழுது குறுகிக் குளிர் கூடும்போது மரம் அதனைப் புதிதாக ஆக்குவதை நிறுத்துகிறது. எஞ்சியதும் சிதைந்து மறைகிறது. அப்பொழுது தோன்றும் மஞ்சள் புதிதாக வந்ததன்று. கரோட்டினாய்டு எனப்படும் அந்நிறப்பொருள் முன்பே இலைக்குள் இருந்தது. பச்சையின் மிகுதி அதனை மறைத்திருந்தது. மேப்பிள் மரத்தின் சிவப்போ வேறு வகை. இலைக்காம்பின் வழி அடைபடத் தொடங்குகையில், இலையில் தங்கிவிடும் சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அப்பொழுதுதான் உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் அச்சிவப்பு மேலும் ஒளிபெறும்.

ஓவியம் தீட்டும் முறையும் இவ்வரிசையை ஒட்டியதே. மரங்கள் நிற்குமிடத்தில் முதலில் மெல்லிய மஞ்சளைப் பூசுக. ஈரம் உலருமுன் ஆங்காங்கே சிவப்பைத் தொட்டு வைத்தால் இரண்டும் தாமே கலந்து செம்மஞ்சளாகும். ஈரப் பச்சையின்மேல் சிவப்பை ஏற்றினாலோ சேறு போன்ற பழுப்பே மிஞ்சும். பின்னணியில் சாம்பல் கலந்த நீலம் இருப்பின் செம்மஞ்சள் எடுப்பாய்த் தோன்றும். நீர்வர்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. ஆதலின் வெயில் படும் இடங்களை வர்ணம் பூசாது விட்டுவைத்தல் நலம்.

இக்கலையில் தேர்ந்தவர் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் (1836–1910). நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள அடிராண்டாக் மலைக்காடுகளுக்கு அவர் 1870 முதல் பன்முறை சென்றார். வேடரையும் வழிகாட்டிகளையும் இலையுதிர்காலக் காட்டின் நடுவே நீர்வர்ணத்தில் தீட்டினார். பூசிய வர்ணத்தை ஈரத்தால் ஒற்றியெடுத்தும் கத்தியால் சுரண்டியும் தாளின் வெண்மையை மீண்டும் வெளிக்கொணர்வது அவர் கையாண்ட முறை.

அவர் 1887இல் தீட்டிய உழவர் சிறுவனின் ஓவியம் ஒன்று சிக்காகோ கலைக்கூடத்தில் உள்ளது. அதன் வானம் இன்று ஏறக்குறைய வெறுமையாய்த் தோன்றுகிறது. தாளில் எஞ்சிய நுண்துகள்களை ஆராய்ந்த அறிவியலார், அங்கே முன்பு செக்கர்வானம் ஒளிர்ந்ததெனக் கண்டறிந்தனர். அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் ஒளிபட்டு மங்கிவிட்டது. எனவே வர்ணம் வாங்குவோர், அது ஒளியைத் தாங்குமென உறையில் குறிக்கப்பட்டிருக்கிறதா என நோக்கி வாங்குதல் வேண்டும். தீட்டிய படத்தை நேர்வெயிலில் மாட்டுதல் ஆகாது.

நம் ஊர்களில் மலையையே மூடும் அத்தகைய வண்ணக்கோலம் இல்லை. ஆயினும் நாட்டுவாதுமை மரத்தின் அகன்ற இலைகள் உதிருமுன் சிவக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து வந்து வெண்தாளின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரே இலையில் பச்சையும் மஞ்சளும் செம்மையும் இருத்தலைக் காண்பீர்கள். பிள்ளைகளுக்கு அதுவே முதற்பாடமாகட்டும். இலை காய்ந்து பழுப்பாகுமுன், அன்றே தீட்டச் சொல்லுங்கள்.

வடநாட்டுக் காடுகள் இலையிழந்து நிற்கும் நவம்பரில்தான் திருச்சபை மரித்தோரை நினைவுகூர்கிறது. கல்லறைத் திருநாளில் நாம் மெழுகுதிரி ஏற்றி வேண்டுகிறோம். அது நம் கடமை. அதனோடு மற்றொன்றும் செய்வோம். நம் இல்லத்து முதியோரிடம், உழைப்பின் பரபரப்பு மறைத்திருந்த பொறுமையும் கனிவும் இப்பொழுது வெளிப்பட்டு நிற்கின்றன. இலை கிளையில் இருக்கும்போதே அதன் நிறத்தைக் காண்பவர் பேறுபெற்றோர். இன்று மாலையே அவர்களருகில் சற்று அமர்வோமாக.