உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரையைத் தொடாத உண்ணிக் கிருமி

கோவில்பதாகை, ஆவடி, அம்பத்தூர் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் புதிதல்ல. சென்னை நாய்களிடம் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி, கடிக்கும்போது எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவை ரத்தத்தில் விடுகிறது. காய்ச்சல், சோர்வு, தட்டணுக்குறைவு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட கிருமி இது.

இது நாயின் வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. சுற்றிலும் குளுக்கோஸ் தாராளமாக இருந்தும், அதை எரித்து ஆற்றலாக்கும் நொதிகளின் வரிசை இதனிடம் முழுமையாக இல்லை. 2006-இல் வெளியான மரபணு வரைபடம் இதைத் தெளிவாகக் காட்டியது. புரோலின், குளுட்டமின் போன்ற அமினோ அமிலங்களை நாயின் செல்லிலிருந்து எடுத்தே பிழைக்கிறது. மரபணுவுக்குத் தேவையான ஐங்கரிச் சர்க்கரையை மட்டும் தானே கட்டிக்கொள்கிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லைம் நோய் தரும் பொரீலியா என்ற இன்னொரு உண்ணிக் கிருமி இதற்கு நேர்மாறு. ஆற்றலுக்குச் சர்க்கரையையே நம்பியிருக்கும் அது, பாலூட்டியின் உடலில் குளுக்கோஸை எரிக்கும். உண்ணியின் குடலில் கிளிசராலையும், கைட்டினிலிருந்து கிடைக்கும் கைட்டோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையையும் உண்ணும். கைட்டின் என்பது உண்ணியின் மேலோட்டையே ஆக்கும் பொருள்.

நாய்க்கு வந்த எர்லிக்கியாவுக்கு மருத்துவர்கள் தருவது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின். அது கிருமியின் புரத உற்பத்தியைத் தடுக்கிறது. பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலும் முட்டையிடும் என்பதால், நாயோடு சேர்த்து வீட்டையும் கவனிக்க வேண்டும்.